பொன் வாரியமும் ஏரி வாரியமும்

2025 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சென்னைக் கடைகளில் ஆபரணத் தங்கம் பவுனுக்கு 90,000 ரூபாயைக் கடந்த வாரத்தில், உத்திரமேரூரை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து நெசவாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அறுபது வயதைக் கடந்தவர். வீட்டில் இரண்டு தறி. ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நன்செய். மகன் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். மகளுக்குத் தை மாதத்தில் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தவர், தண்ணீர் குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

"ஐயா, நாடு வளருகிறது, வளருகிறது என்று தினமும் பேப்பரில் போடுகிறார்கள். நம் வீட்டில் பாவு அறுத்துப் பத்து நாளாயிற்று. அடுத்த பாவு இன்னும் வந்து சேரவில்லை. வளருகிறது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது, அது பவுன் விலை. சங்கத்தில் இருக்கிற டெபாசிட்டு நாலு லட்சத்தையும் எடுத்துப் பவுனாக்கிவிடலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

உடனே விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கேள்வியை இப்போது எத்தனையோ அங்கத்தினர் கேட்டுக் கொண்டிருக்கின்றனர். ஆதலின் அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, வளர்ச்சியைப் பற்றிய அவருடைய ஐயம் நியாயமற்றதன்று. 2023-24 ஆம் ஆண்டில் நம் நாட்டின் உற்பத்தி எவ்வளவு வளர்ந்தது என்பதற்கு, முதலில் நூற்றுக்கு 7.3 என்றனர், பிறகு 7.6 என்றனர், அதன் பிறகு 8.2, 2025 பிப்ரவரியில் அதையே 9.2 என்று திருத்தினர். கணக்கு எடுப்போர் பொய் சொல்லுகிறார்கள் என்று நான் கூறவில்லை. விவரங்கள் வந்து சேரச் சேரத் திருத்துவது கணக்கின் இயல்பே. ஆனால் கைத்தறி போன்ற சிறு தொழில்களின் நிலையை ஆண்டுதோறும் வீடு வீடாகச் சென்று எண்ணுவதில்லை. பெரிய நிறுவனங்களின் போக்கையும் பிற குறிகளையும் வைத்துப் பெரும்பாலும் மதிப்பிடுகின்றனர். பாவில்லாமல் நிற்கும் தறி அந்தக் கணக்கில் எளிதில் விழுவதில்லை. 2019-20 இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்போ தறிகள் இருக்கும் வீட்டுக்கே சென்றது. நாட்டிலுள்ள கைத்தறிக் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதிக்கின்றன என்று அது கண்டது. தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவில் வகுத்த சைமன் குஸ்னெட்ஸ் என்பாரே, 1934 இல், இந்த எண்ணைக் கொண்டு மக்களின் நல்வாழ்வை அளந்துவிட இயலாது என்று அந்நாட்டுச் சட்டசபைக்கு எச்சரித்தார்.

நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006 இல் நோக்கியா கம்பெனியின் கைபேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது, சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் கம்பெனிப் பஸ் ஏறினர். ஏற்றுமதிக் கணக்கில் அது பெருமைக்குரிய தொகை. 2014 நவம்பர் 1 ஆம் தேதி அதே தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. மீண்டும் வேறு கம்பெனிகள் வந்தன, பஸ்களும் வந்தன. ஆயினும் அந்த எட்டு ஆண்டுச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவனுக்கு, மொத்தத்தில் மாவட்டம் வளர்ந்தது என்ற செய்தி எவ்வளவு ஆறுதல் தரும்?

ஆகையால் பெரியவர் சந்தேகப்படுவது சரியே. அந்தச் சந்தேகத்திலிருந்து நேரே தட்டார் கடைக்குப் போவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

பொன்னைப் பழிப்பது படித்தவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. நான் அந்தக் கட்சியில் இல்லை. 2020 இல் கொள்ளை நோய்க்காக ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோது, பட்டுச் சேலைக் கடைகள் மூடின, தறிகள் நின்றன. எத்தனையோ நெசவாளர் வீடுகளில் அடுப்பு எரிந்தது அடகு வைத்த நகையினால்தான். வீட்டுப் பெண்ணுக்குத் தன் பெயரில் நிலமில்லை, பாங்கிக் கணக்கில்லை என்றிருந்த காலத்தில், அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து கழுத்திலும் காதிலும் கிடந்ததுதான். இதை மறந்துவிட்டுப் பொன்னாசை, பொன்னாசை என்று உபதேசம் செய்வதில் பயனில்லை.

தனி மனிதர் மட்டுமா? 1991 இல் நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்து, இறக்குமதிக்குச் சில வாரங்களுக்கு மட்டுமே போதும் என்ற நிலை வந்தபோது, மத்திய சர்க்காரே அடகுக் கடை வாசலுக்குச் செல்ல நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் ரிசர்வ் பாங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து பாங்கியிடமும் ஜப்பான் பாங்கியிடமும் ஈடு வைத்து, சுமார் 40 கோடி டாலர் பெற்றது. பிறகு மீட்டுக் கொண்டது. இன்று ரிசர்வ் பாங்கியின் கையிருப்பு 800 டன்னுக்கும் மேல். நிலையற்ற காலத்தில் சர்க்காரே பொன்னைச் சேர்க்கும்போது நெசவாளர் சேர்ப்பது பேதைமை ஆகாது.

ஆனால் சர்க்கார் கட்டியாகச் சேர்க்கிறது. நாம் சங்கிலியாகச் சேர்க்கிறோம். இந்த வேற்றுமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பவுன் விலை 90,000 ரூபாய் என்றும், சேதாரமும் செய்கூலியும் சேர்ந்து நூற்றுக்கு 12 என்றும் வைத்துக் கொள்வோம். அதற்கு 10,800 ரூபாய். மொத்தம் 1,00,800. அதன்மேல் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 3 வீதம் 3,024. ஆக, 1,03,824 ரூபாய் கொடுத்து வெளியே வருகிறோம். கடை வாசலைத் தாண்டித் திரும்பி அதே நகையை விற்கப் போனால் எடைக்குள்ள 90,000 கிடைத்தாலே நல்ல காலம். கல் பதித்திருந்தால் கல்லின் எடை தள்ளுபடி. தங்கம் நூற்றுக்குப் பதினைந்து ஏறிய பிறகே போட்ட முதல் கைக்கு வருகிறது. கலியாணத்துக்கு அணியும் நகைக்கு இந்தச் செலவு தகும். அது அணியின் விலை. சேமிப்புக்கு என்று வாங்குவோருக்கு இது முதலிலேயே விழும் நஷ்டம்.

அடுத்து, பவுன் விலை ஏறிக் கொண்டேதான் இருக்கும் என்ற நம்பிக்கை. 1980 ஜனவரியில் வெளிநாட்டுச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் 850 டாலர் வரை ஏறியது. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் 300 டாலருக்கும் கீழே கிடந்தது. அந்த இருபது ஆண்டில் நம் ஊரில் விலை இறங்கவில்லையே, பத்துக் கிராம் 1,330 ரூபாயிலிருந்து 4,400 ஆயிற்றே என்று கேட்கலாம். ஆயிற்று. ஏனெனில் எட்டு ரூபாய்க்குக் கிடைத்த டாலர் அதற்குள் 45 ரூபாயாகிவிட்டது. பொன் ஏறியதாக நாம் நினைத்தது பெரிதும் ரூபாய் இறங்கியதே ஆகும். பொன் நமக்கு அந்த வீழ்ச்சியிலிருந்து காப்புக் கொடுத்தது, அது மெய்தான். ஆனால் 1990 இல் பத்துக் கிராம் 3,200 ரூபாய்க்கு வாங்கியவருக்குப் பத்தாண்டு கழித்தும் 4,400 தான். அதே 3,200 ரூபாயைத் தபால் நிலையத்தில் கிசான் விகாஸ் பத்திரத்தில் போட்டவருக்கு ஐந்தரை ஆண்டிலேயே 6,400 ஆயிற்று. பிற்காலத்திலும் இப்படியே நடந்தது: 2012 இல் பத்துக் கிராம் 31,000 ரூபாய் அளவில் இருந்தது, 2015 இல் 26,000 அளவுக்கு வந்தது. 2012 இல் வாங்கி 2015 இல் பெண்ணின் படிப்புக்காக விற்க நேர்ந்த குடும்பத்திடம் போய், பொன் ஒரு நாளும் கைவிடாது என்று சொல்ல முடியுமா? 2015 ஐ விட்டு இன்னும் பத்தாண்டு பொறுத்தவர் பல மடங்கு பெற்றார். பொறுக்கும் வசதி யாருக்கு உண்டு என்பதே இங்கே கேள்வி. 2025 அக்டோபரிலேயே, 90,000 ஐத் தாண்டி ஏறிய விலை, மாதம் முடிவதற்குள் பவுனுக்கு ஆயிரக்கணக்கில் இறங்கியதையும் கண்டோம்.

சர்க்காரின் கையும் இதில் குறுக்கிடும். 1963 ஜனவரியில், சீனப் போருக்குப் பின்னர், நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதைத் தடுத்தார். பொன்மேல் மக்களுக்கு உள்ள மோகம் அதனால் தணியவில்லை. கள்ளக் கடத்தல்தான் பெருகிற்று. பட்டறை மூடிய தட்டார்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. உயிரை மாய்த்துக் கொண்டோரும் உண்டு. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 இல்தான் நீங்கியது. சர்க்காரின் தங்கப் பத்திரமும் அப்படியே: கிராம் கணக்கில் வாங்கி, வட்டியும் பெற்று, எட்டு ஆண்டு முடிவில் அன்றைய விலையை வாங்கிக் கொள்ளும் நல்ல ஏற்பாடு 2015 நவம்பரில் தொடங்கிற்று. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, திருட்டுப் பயம் இல்லை. நம் கிராமங்களில் அதை வாங்கியோர் மிகச் சிலர். 2024 பிப்ரவரிக்குப் பின் புதிய வெளியீடு இல்லை.

நெசவாளருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சரிகையில் தங்கம் நூற்றுக்கு அரைப் பங்கு அளவுதான். பெரும்பங்கு வெள்ளியும் செம்பும். ஆயினும் பொன்னும் வெள்ளியும் சேர்ந்து ஏறும்போது 242 கிராம் கொண்ட மார்க்கு ஒன்றின் விலை சேலையின் விலையைத் தூக்கிவிடுகிறது. வாங்குவோர் பின்வாங்குகிறார்கள், பாவு தாமதமாகிறது. ஆக, பெரியவர் எந்தப் பவுனை வாங்கத் துடிக்கிறாரோ, அந்தப் பவுனின் விலையே அவர் தறியை நிறுத்தி வைத்திருக்கிறது. சேமிப்பையும் அதிலேயே போட்டால் விலை ஏறினால் தறிக்கு நஷ்டம், இறங்கினால் பெட்டிக்கு நஷ்டம் என்று நான் சொன்னபோது, அவர் சிரித்துவிட்டார். "பெட்டியாவது ஏறட்டுமே ஐயா" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. மறுக்க என்னால் இயலவில்லை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919 இலும் 921 இலும் வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே எல்லாரும் பேசுகிறோம். அவற்றில் பொன் வாரியம் என்று ஒன்று உண்டு. பொன்னைக் கண்காணிக்க ஆறு பேர். ஏரி வாரியத்துக்கும் ஆறு பேர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுக்கு நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் பலவற்றில், ஒருவர் ஊர்ச் சபையாரிடம் பொன் கொடுத்து, அதன் பலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரியைத் தூர் வாரச் சொல்லியிருப்பதைக் காண்கிறோம். அந்தப் பொன் பெட்டியில் தூங்கவில்லை. ஏரியில் மண் வாரியது. ஏரி நிறைந்தால் நெல், நெல் விளைந்தால் பலிசை.

1904 இல் கூட்டுறவுச் சட்டம் வந்ததும், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் திரூரில் ஆகஸ்டு மாதத்திலும், காஞ்சீபுரத்தில் அக்டோபர் மாதத்திலும் சங்கங்கள் பதிவாயின. முன்னது கிராமத்துக்கு, பின்னது நகரத்துக்கு. இரண்டும் இந்தியாவிலேயே முதலாவன. அவற்றின் நோக்கமும் ஏறக்குறைய அதுவே: முடங்கிக் கிடக்கும் சிறு தொகைகளை ஒன்று சேர்த்து, வேண்டியவனுக்கு வேண்டிய நாளில் கொடுப்பது.

இதைச் சொல்லும்போது நம் குறைகளையும் மறைக்கலாகாது. 2021 இல் ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக் கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தபோது, சில சங்கங்களில் போலி நகைக்கும் கடன் கொடுத்திருந்தது வெளிப்பட்டது. ஒருவரே பல சங்கங்களில் அடகு வைத்திருந்ததும் தெரிந்தது. கணக்குக் காட்டாதவன் நிற்கலாகாது என்ற பழைய விதி அங்கே எங்கே போயிற்று என்று அங்கத்தினர் கேட்டால் நாம் தலை குனியத்தான் வேண்டும். மாதம் நூற்றுக்கு 25, 30 வட்டி என்று ஆசை காட்டி, ஒரு லட்சம் பேரிடம் பணம் திரட்டிய சென்னை நிறுவனத்தின்மேல் 2022 இல் போலீசார் வழக்குப் போட்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பெயரிலும் தங்கம் இருந்தது. சங்கத்தை நம்பாதவர் அங்கேதான் போகிறார்.

பெரியவரிடம் நான் கேட்டவை மூன்றே கேள்விகள். பயிர்க் கடன் சங்கத்தில் வாங்கினாரா, அல்லது நாற்று நடும் போது மனைவியின் வளையலை வெளியே அடகு வைத்தாரா? வளையலைத்தான் வைத்திருந்தார். கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை என்பது அவருக்குத் தெரியும். இரண்டு முறை அலைவதற்குச் சோம்பல். நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாரா? கூலியில் ரூபாய்க்கு 8 காசு அவர் போட்டால் 4 காசு சர்க்கார் போடுகிறது. போட்ட அன்றே ஒன்று ஒன்றரையாகும் சேமிப்பு எந்த நகைக் கடையிலும் இல்லை. அதில் அவர் இருந்தார். மகன் பெயரில் எதுவும் இல்லை. மூன்றாவது கேள்வி, தை மாதத்துக்கு எத்தனை பவுன் கட்டாயம்?

"நாலு சொன்னார்கள். மூன்று வீட்டில் இருக்கிறது, பழசு."

"பழசை அழித்துச் செய்தால் மறுபடி சேதாரம்தானே?"

"மெருகு மட்டும் போட்டுக் கொள்ளலாம் என்கிறாள் வீட்டுக்காரி."

மறு வாரம் அவர் சங்கத்துக்கு வந்து ஒன்றேகால் லட்சம் ரூபாய் மட்டும் எடுத்தார். ஒரு பவுனுக்குத் தாலிக்கொடி வாங்கினார். மீதிக்குப் புது அச்சும் விழுதும் வாங்கி, அடுத்த பாவுக்குத் தறியைச் சரி செய்தார். நகைக் கடை ரசீதை என்னிடம் காட்டினார். முத்திரையும் ஆறு இலக்க அடையாள எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்தேன், இருந்தன. சேதாரம் நூற்றுக்குப் பதினான்கு போட்டிருந்தார்கள். பேரம் பேசினீர்களா என்றேன்.

"அந்தக் கூட்டத்தில் எங்கே ஐயா பேசுவது?" என்றார்.