வீட்டுக்கு வந்த பிறகுதான் வைத்தியம்!

பக்கவாதம் கண்ட ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும், அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்க்க வருவார்கள். “உயிர் பிழைத்தாரே, அதுவே போதும். இனி அவர் ஓய்வாகப் படுத்திருக்கட்டும்” என்று சொல்லாதவர் இருக்க மாட்டார். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த அன்புதான் பலரை ஆயுள் முழுதும் படுக்கையில் கிடத்திவிடுகிறது!

மருத்துவமனை உயிரைக் காப்பாற்றுகிறது. கையையும் காலையும் பேச்சையும் மீட்பது அதற்குப் பிறகு நடக்க வேண்டிய வேலை. இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளையின் ஒரு பகுதி பழுதாகிவிடுகிறது. பழுதான இடம் பழையபடி ஆவதில்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ள மற்றப் பகுதிகள் அதன் வேலையைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்ள முடியும். குழந்தை நடை பழகுவதைப்போல, திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது வரும்.

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் முன்னேறலாம், ஆனால் மெதுவாகத்தான். வெயில் ஏறிய பிறகு பால் வெட்டப் போனால் மரம் பால் தராமலா போகும்? தரும், ஆனால் குறைவாகத் தரும். அதுபோலத்தான் இதுவும்.

புறப்படுமுன் கேளுங்கள்

மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் தயங்காமல் கேட்டறியுங்கள். எந்த மாத்திரை எந்த நேரத்தில்? விழுங்குவதில் சிரமம் உண்டா? கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்? பிசியோதெரபி எனும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு எந்தத் தேதியில் வர வேண்டும்? நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதையும், குழாய்வழி உணவு தருவதையும் தாதியிடம் கற்று, அவர் கண்முன்னே ஒருமுறை நீங்களே செய்து காட்டுங்கள்.

சிகிச்சைக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போகுமே, கார் வாடகை வேறு ஆகுமே என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அங்கே ஒரு மணி நேரம் சொல்லித் தருவதை வீட்டில் தினமும் செய்தால்தான் பலன். போகாமல் விட்டால் செய்ய வேண்டியது என்னவென்றே தெரியாமல் போய்விடும்.

வீட்டில் தாதி நீங்கள்தான்

தானாகப் புரள முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். முதுகின் அடி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையாவிட்டால், படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அதன்மேல் பாரம் விழாமல் படுக்க வைத்து, கிளினிக்கில் காட்டுங்கள்.

உட்கார வைத்தே உணவு கொடுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது சாய்ந்து உட்கார்ந்திருக்கட்டும். சாப்பிடும்போது இருமினாலோ, குரல் கரகரத்தாலோ நிறுத்திவிடுங்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

தூக்கி நிறுத்தும்போது விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு கெட்டுவிடும். எண்ணெய் தேய்த்து மெல்ல நீவிவிடலாம். ஆனால் அது பயிற்சிக்கு ஈடாகாது. உணர்ச்சியற்ற காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால், தோல் வெந்துபோவதுகூட அவருக்குத் தெரியாது. இரத்த அழுத்த மாத்திரையை “இப்போதுதான் நன்றாக இருக்கிறதே” என்று நிறுத்துவது மீண்டும் பக்கவாதத்தை வரவழைப்பதாகும்.

செய்து கொடுக்காதீர்கள், செய்ய விடுங்கள்

ஒரு சட்டையை மாட்ட அவருக்கு அரை மணி நேரம் ஆகலாம். நீங்கள் மாட்டிவிட்டால் ஒரு நிமிடம். ஆனால் அந்த அரை மணி நேரந்தான் அவருக்கு மருந்து! விழுந்த கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுக்கச் சொல்லுங்கள். ஊன்றுகோல் நல்ல கையில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே; இறங்கும்போது விழுந்த கால் முன்னே. பாசி படிந்த குளியலறைத் தரையைத் தேய்த்துக் கழுவி, சுவரில் ஒரு பிடி அடித்து வையுங்கள்.

பேச்சு போனவருக்கு அறிவு போகவில்லை. அவரை வைத்துக்கொண்டே, அவர் இல்லாததுபோல் பேசாதீர்கள். ஆம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நாள்தோறும் அழுதுகொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

உதவி எங்கே கிடைக்கும்?

சொக்சோ சந்தா கட்டியவர், வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால்தான் பணம் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். நோயினால் வேலை செய்ய இயலாமல் போனவருக்கும் ஓய்வூதியத் திட்டம் உண்டு. சந்தாக் கணக்கும் வயதும் பொருந்த வேண்டும் என்பதால், தாமதிக்காமல் சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள். மலாக்காவில் 2014-இல் திறக்கப்பட்ட துன் ரசாக் மறுவாழ்வு மையம் சொக்சோவுடையதே. நாசாம் எனும் தேசியப் பக்கவாதச் சங்கம் 1996 முதல் பயிற்சி அளித்து வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பத்துக்குச் சமூக நல இலாகாவின் உதவித்தொகை உண்டு. சில அரசாங்கக் கிளினிக்குகளிலிருந்து தாதியர் வீட்டுக்கே வருவார்கள். கேளுங்கள், கேட்பது பிச்சையன்று, உரிமை.

இறுதியாக, குடும்பத்து ஆண்களுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலையில் வேலைக்குப் போய், திரும்பி வந்து சமைத்து, இரவில் எழுந்து நோயாளியைப் புரட்டிப் போடுவது பெரும்பாலும் வீட்டில் ஒரே ஒரு பெண்தான். மனைவியோ மகளோ மருமகளோ, அவளும் மனுஷிதான். இரவு முறையை அண்ணன் தம்பிகள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பயிற்சியை மகன் பார்க்கட்டும். பராமரிப்பவள் படுத்துவிட்டால், ஒரு வீட்டில் இரண்டு நோயாளிகள் என்பதை மறவாதீர்கள்.