பெயர் தவறினால் பூச்சி அடங்காது

சேலம், நாமக்கல் பகுதியில் மரவள்ளி பயிரிடுவோருக்கு மாவுப்பூச்சியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குருத்து சுருங்கி, கணுக்கள் நெருங்கி, செடியின் தலை கொத்தாகிவிடும். ஆனால் மாவுப்பூச்சியில் பல இனங்கள் உண்டு. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். இதனால் ஆப்பிரிக்க விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதி மரவள்ளியில் இப்பூச்சி புகுந்தது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா என்பதால், அதன் எதிரியை அங்கே தேடினார்கள். கண்டத்தின் வடபகுதியில் அதே சாயலில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. ஆனால் அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. மாதிரிகளைக் கண்ணாடித் தகட்டில் பதித்து உருப்பெருக்கியில் ஒப்பிட்டபோதுதான் அது வேறு இனம் என்பது 1981ல் உறுதியாயிற்று. அதே ஆண்டு பராகுவேயில் அசல் பூச்சி அகப்பட்டது. அதனுடன் கிடைத்த சிறு குளவிதான் ஆப்பிரிக்க மரவள்ளியைக் காப்பாற்றியது.

2020ல் இப்பூச்சி கேரளத்தில் திருச்சூரில் தென்பட்டது. பிறகு தமிழகத்துக்கும் வந்தது. பெயர் சரியாகத் தெரிந்ததால் இம்முறை தடுமாற்றமில்லை. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021ல் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அது வெளியிடப்பட்டது.

பெயரை உறுதி செய்ய, ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிகள் வேண்டும். அவற்றில் பல லண்டன், பாரிஸ் நகர அருங்காட்சியகப் பெட்டிகளில் உள்ளன. முன்பெல்லாம் கடிதம் எழுதி, மாதிரி தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது மாதிரிகளைப் படமெடுத்து, அவற்றோடு உள்ள சீட்டின் விவரங்களையும் கணினியில் ஏற்றி, எல்லோரும் பார்க்கும்படி விடுகிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன்னிடமுள்ள சுமார் 8 கோடி மாதிரிகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை இவ்வாறு பதிந்துள்ளது. பெங்களூர் நிறுவனமும் நம் பயிர்ப் பூச்சிகளின் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. படம் மட்டும் போதும் என்று எண்ண வேண்டாம். மாவுப்பூச்சிக்கு உருப்பெருக்கி அவசியம்.

சீட்டு இல்லாத மாதிரியால் பயன் குறைவு. எந்த ஊர், எந்தத் தேதி, எந்தச் செடி என்ற விவரமே பூச்சி எங்கிருந்து எங்கே பரவியது என்று காட்டுகிறது. ஆகவே வயலில் புதிய பூச்சி கண்டால், உயிரோடு எடுத்துச் சென்று வழியெல்லாம் பரப்பாமல், சிறு புட்டியில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுக்கலாம். ஊர், தேதி, பயிர் எழுதிய துண்டுச் சீட்டையும் புட்டிக்குள்ளேயே போட வேண்டும். பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.