விளக்கெரித்த இயந்திரம் வண்டியிழுக்குமா?

பட்டறை ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஜெனரேட்டர் இயந்திரத்தைக் காட்டி, "ஐயா, இதை ஒரு வண்டியில் பூட்டினால் ஓடுமா?" என்று எங்கள் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஓடும். ஆனால் ஓட வைப்பது ஒரு வேலை. ஓடியதை நிறுத்துவது வேறு வேலை. இரண்டையும் இன்று பார்ப்போம்.

இது புதிய யோசனை அல்ல. நமது வடக்கு எல்லைக்கு அப்பால் தாய்லாந்தில், குபோட்டா, யன்மார் போன்ற ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரங்களைப் பூட்டிய உழவர் வண்டிகள் நெல்லும் கரும்பும் ஏற்றிச் செல்கின்றன. இந்தியாவில் பஞ்சாப், இராஜஸ்தான் பக்கங்களில் தண்ணீர் இறைக்கும் டீசல் இயந்திரத்தை மரச்சட்டத்தில் ஏற்றிய வண்டிக்கு 'ஜுகாட்' என்று பெயர். யன்மார் நிறுவனம் 1933ஆம் ஆண்டிலேயே சிறிய டீசல் இயந்திரத்தைச் செய்துவிட்டது. அன்று முதல் அதே இயந்திரம் நீர் இறைக்கிறது, நெல் அரைக்கிறது, படகு ஓட்டுகிறது, விளக்கும் எரிக்கிறது. சுழல்வது மட்டுமே அதன் வேலை. எதைச் சுழற்றுகிறோம் என்பது அதற்குத் தெரியாது.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் காற்றை மிக இறுக்கமாக அழுத்தினால், அது 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதே சங்கதிதான்.

ஜெனரேட்டர் இயந்திரத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நமது நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலை. நான்கு துருவமுள்ள ஜெனரேட்டர் அந்த அலையைக் கொடுக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தோட்டத்து ஜெனரேட்டரில் மாலை வேளைகளில் விளக்கெரிந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லயத்தில் யாராவது இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விளக்கு ஒரு கணம் மங்கும். பிறகு தானே தெளியும். யாரும் ஓடிப்போய் எதையும் திருகவில்லை. அதைச் செய்தது 'கவர்னர்' என்னும் சிறு அமைப்பு. இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் எடைக் குண்டுகள் அதில் உள்ளன. பாரம் ஏறி வேகம் குறைந்தால் குண்டுகள் உள்ளே ஒடுங்கும்; ஒரு ஸ்பிரிங் டீசலைக் கூட்டிவிடும். வேகம் மிஞ்சினால் குண்டுகள் விரிந்து டீசலைக் குறைக்கும்.

வண்டிக்கு ஒரே வேகம் உதவாது. ஆகவே சிலர் கவர்னரைக் கழற்றி எறிந்துவிட்டு, டீசல் பம்பை நேரே கம்பியால் இழுக்கப் பார்க்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. பாரமில்லாத நேரத்தில் டீசல் முழுதும் திறந்து சிக்கிக்கொண்டால், இயந்திரம் வேகம் எடுத்துக்கொண்டே போகும். பெட்ரோல் வண்டியைப் போல் சாவியைத் திருகித் தீப்பொறியை அணைக்கவும் வழியில்லை. டீசலை அடைக்க வேண்டும், அல்லது காற்றை அடைக்க வேண்டும். அதற்குள் கனமான பறக்கும் சக்கரம் சிதறினால் அருகில் நிற்பவர் கதி என்ன? சரியான வழி எளியது. கவர்னர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் மட்டும் ஒரு கம்பி மாட்டினால் போதும். இறுக்கினால் வேகம் கூடும், தளர்த்தினால் குறையும். உச்சவேகத்துக்கு ஒரு தடுப்புத் திருகும் வேண்டும்.

அடுத்து, கொஞ்சம் கணக்கு. பென்சில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.88 மீட்டர் நகரும். 1500 சுற்றை அப்படியே சக்கரத்துக்குக் கொடுத்தால் மணிக்கு 169 கிலோமீட்டர் வருகிறது! அந்த வேகத்தில் ஓட்ட அதனிடம் பலம் இல்லை. இருந்தாலும் நமக்கு வேண்டாம். ஆகவே சுற்றைக் குறைக்க வேண்டும். இயந்திரத்தில் 10 சென்டிமீட்டர் கப்பி, எதிரே 30 சென்டிமீட்டர் கப்பி, இடையே பெல்ட்: மூன்றில் ஒரு பங்காகிறது. பழைய காரின் பின்னச்சு மேலும் நான்கில் ஒரு பங்காக்கும். மொத்தம் பன்னிரண்டில் ஒரு பங்கு. சக்கரம் நிமிடத்துக்கு 125 சுற்று. வண்டி மணிக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர். சமதரைக்கு இது தாராளம்.

மேட்டில்தான் சோதனை. வண்டியும் செம்பனைக் குலைகளும் சேர்ந்து 1000 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேடு என்று வைத்துக்கொள்வோம். மேட்டுக்காக 100 கிலோ, மண்பாதையின் தடைக்காக ஏறக்குறைய 50 கிலோ, ஆக 150 கிலோ விசை வேண்டும். ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் தூக்கும் பலம். பெல்ட்டிலும் பற்சக்கரத்திலும் கால் பங்கு வீணாவதையும் சேர்த்தால், 14 கிலோமீட்டர் வேகத்தில் இந்த மேடேற 10 குதிரைத்திறனுக்கு மேல் தேவை. நம்மிடம் இருப்பதோ 6 என்றால், இயந்திரம் திணறி நின்றுவிடும். வேகத்தைப் பாதியாக்கி 7 கிலோமீட்டரில் ஏறினால் அதே 6 போதும். கியர்பெட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பெல்ட்டே கிளட்சாகவும் உதவும். ஒரு சிறு கப்பியால் பெல்ட்டை அழுத்தினால் வண்டி நகரும். விட்டால் இயந்திரம் தனியே சுழலும். இயந்திரக் கப்பியை அதன் உடலோடு ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். ஜெனரேட்டர் அச்சு நேராகச் சுழற்றுவதற்கென்று அமைந்தது. கப்பி வெளியே நீண்டிருந்தால் பெல்ட்டின் பக்கவாட்டு இழுப்பு பேரிங்கைத் தின்றுவிடும். பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடி கட்டாயம் வேண்டும். பாவாடை, துண்டு, குழந்தையின் விரல் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

ஓரிடத்தில் நிற்கும் இயந்திரத்தைச் சாய்த்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. பல சிறிய இயந்திரங்களில் எண்ணெயை ஒரு கரண்டி போன்ற உறுப்பு அள்ளித் தெளிக்கிறது. செங்குத்தான மேட்டில் எண்ணெய் ஒரு மூலைக்குப் போய்விட்டால் கரண்டிக்கு எட்டாது. பேரிங் உலர்ந்து இறுகும். மேடுபள்ளத்தில் குளிர்விக்கும் தண்ணீரும் தளும்பி வற்றும். எண்ணெயையும் தண்ணீரையும் தினமும் பார்ப்பவர் வீட்டு இயந்திரம் நீடிக்கும்.

இனி நிறுத்துவது. 1000 கிலோ வண்டி அதே இறக்கத்தில் தன் எடையாலேயே 100 கிலோ விசையோடு கீழே இழுபடும். கியரில் இருக்கும்வரை இயந்திரம் ஓரளவு பிடித்துக்கொள்ளும். பெல்ட் அறுந்தாலோ வழுகினாலோ அந்தப் பிடி போயிற்று. ஆகவே பிரேக் பெல்ட்டுக்கு முன்னால் இருக்கக்கூடாது. சக்கரத்திலேயே இருக்க வேண்டும். பழைய காரின் பின்னச்சை வாங்கும்போது அதன் பிரேக்கையும் சேர்த்து வாங்குங்கள். கால் பிரேக்குடன் ஒட்டாத தனிக் கைப்பிரேக் ஒன்றும் இருக்கட்டும். இறக்கத்தில் கிளட்சைத் தளர்த்தி டீசல் மிச்சம் பிடிப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பொதுச்சாலைக்கு இதைக் கொண்டுபோக முடியாது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு பெறாத வாகனத்துக்கு அங்கே இடமில்லை. இந்தியாவின் உச்சநீதிமன்றமும் 2013ஆம் ஆண்டில், ஜுகாட்டும் மோட்டார் வாகனமே, அதற்கும் பதிவு வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தோட்டத்துக்குள் ஓட்டவும் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு ஆளை ஏற்ற வேண்டாம். மணல் மூட்டைகளை ஏற்றுங்கள். பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, முதலில் சமதரையில், பிறகு சிறு இறக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். 14 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, பிரேக் மிதித்த இடத்திலிருந்து ஐந்து மீட்டருக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் மூட்டைகளை இறக்கிவிட்டு, மறுபடியும் பிரேக்கிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.