செங்கல் வீடும் சின்னம்தான்!



பாரம்பரியச் சின்னம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோட்டை, அரண்மனை, கோயில்தானே? எனக்கும் அப்படித்தான். சமூக அறிவியல் டீச்சர் ஒருநாள் வகுப்பில் ஒரு வீட்டுப் படத்தைக் காட்டினாங்க. செங்கல் சுவர், வெள்ளைச் சன்னல், வாசலில் சின்னத் தோட்டம். “இது இங்கிலாந்தில் சட்டப்படி பாதுகாக்கிற கட்டடம்” என்றாங்க. வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இந்த வீடு லிவர்பூல் நகரின் ஓரத்தில் அலர்டன் என்ற பகுதியில் இருக்கிறது. முகவரி: 20, ஃபோர்த்லின் ரோடு. இரண்டாம் உலகப் போரில் (1939-1945) ஜெர்மன் விமானங்கள் லிவர்பூல் மீது குண்டு போட்டன. 1941 மே மாதம் மிக மோசம். ஏராளமான மக்கள் வீடு இழந்தார்கள். போர் முடிந்ததும் நகராட்சியே வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டது. அதில் ஒன்றுதான் இது. கீழே முன்னறை, சாப்பாட்டு அறை, சமையலறை. மாடியில் மூன்று படுக்கையறை. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை! அந்தக் காலத்தில் அங்கே பல ஏழைக் குடும்பங்களுக்குக் கழிப்பறை வெளியில்தான் இருந்தது.

1955-இல் மெக்கார்ட்னி குடும்பம் இங்கே குடிவந்தது. அம்மா நர்ஸ், பிரசவம் பார்ப்பவர். அப்பா பருத்தி விற்பனை வேலை. அடுத்த வருஷமே, 1956-இல், அம்மா புற்றுநோயால் இறந்துவிட்டார். மூத்த மகன் பாலுக்கு அப்போது வயது 14. என் வயதுதான். இதைப் படித்தபோது சிரித்ததை நினைத்து வருத்தமாக இருந்தது.

அப்பா வேலைக்குப் போனதும் பாலும் நண்பர் ஜான் லெனனும் இந்த வீட்டில் கிட்டாரோடு உட்கார்ந்து பாட்டு எழுதினார்கள். பின்னால் உலகப் புகழ் பெற்ற ‘பீட்டில்ஸ்’ இசைக்குழுவில் இருந்தவர்கள் இவர்கள்.

1995-இல் இந்த வீட்டை நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. 1895-இல் தொடங்கிய இந்த அமைப்பு, பெரிய மாளிகைகளைக் காப்பதற்குப் பேர் போனது. சரி, வாங்கி என்ன செய்தார்கள்? பளிங்கு போட்டார்களா? இல்லை! தம்பி மைக் எடுத்த பழைய போட்டோக்களைப் பார்த்து, வீட்டை முன்பு இருந்த மாதிரியே ஆக்கினார்கள். குடும்பத்துக்குப் பண வசதி இல்லாததால் மிச்சம் விழுந்த சுவர்த்தாள்களை வாங்கி, ஒரே அறையில் விதவிதமாக ஒட்டியிருந்தார்களாம். அதையும் அப்படியே காட்டுகிறார்கள். 1998-இல் மக்கள் பார்க்கத் திறந்தார்கள். 2012-இல் அரசு இதை இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. இனி அனுமதி இல்லாமல் இடிக்கவோ, தோற்றத்தை மாற்றவோ முடியாது.

பக்கத்து வீடுகளும் இதே மாதிரி செங்கல்தான். அப்படியானால் மதிப்பு செங்கல்லில் மட்டும் இல்லை. போரில் வீடு இழந்த ஊர் மறுபடி எப்படி எழுந்தது, வாடகை வீட்டுக் குடும்பம் எப்படி வாழ்ந்தது, அங்கிருந்து எவ்வளவு பெரிய இசை பிறந்தது என்பதையெல்லாம் இந்த வீடு நேரில் காட்டுகிறது. அரண்மனையைப் பார்த்தால் ராஜா வாழ்ந்தது தெரியும். நம்மைப் போன்றவர்கள் வாழ்ந்தது தெரியவேண்டுமானால் இந்த மாதிரி வீடும் மிஞ்சவேண்டும் அல்லவா?

கடைசியாக ஒரு உண்மை. எங்கள் வீடும் அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுதான். யாராவது “வீடு எங்கே?” என்று கேட்டால் “ஸ்கூலுக்குப் பக்கத்தில்” என்று மட்டும் சொல்லி நழுவிவிடுவேன். எங்கள் வீடு சின்னம் ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எந்த வருஷம் கட்டியது, முதலில் யார் குடிவந்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள். இனி என்னிடம் யாராவது கேட்டால் “காலனி வீடு” என்றே சொல்வேன்.



— 9-ஆம் வகுப்பு மாணவி