மண்ணிலே பொன்னொளி

நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்றொரு பெயர் உண்டு. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் தாயகத்து நகரங்களின் பெயர்களை இங்குள்ள தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அப்பெயர்களெல்லாம் பெரும்பாலும் பழைய தேசப்படங்களோடு நின்றுவிட, டெல்ப்ட் மாத்திரம் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்திருக்கின்றது. பவளக்கல் மதில்களும் கட்டாக்காலிக் குதிரைகளும் உள்ள இத்தீவுக்கும், மட்பாண்டத்தாற் புகழ்பெற்ற அந்த ஒல்லாந்த நகருக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை காண்பது அரிது. ஆயினும் பெயரைக் கேட்டவுடன் ஒரு வினா எழுகின்றது. குறைந்த சூட்டில் வெந்த சாதாரண மண்ணுக்குப் பீங்கானின் வெண்மையையும் பொன்னின் ஒளியையும் மனிதன் எவ்வாறு ஏற்றினான்? அதற்கு அவன் கொடுத்த விலை யாது?

சீனப் பீங்கான் ஏறக்குறைய 1300 பாகை சென்ரிகிரேட் சூட்டில் வேகுவது. அத்தகைய பாண்டங்கள் ஒல்லாந்தருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இத்தீவுகளை எட்டியிருந்தன. வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 1977-இல் ஆராயப்பட்ட சீனக் கலவோடுகள் சொங் மன்னர் காலத்தவை. ஐரோப்பாவோ அத்தகைய கலங்களைப் பெருவாரியாகக் கண்டது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். அதுவும் ஒல்லாந்தர் கைப்பற்றிய போர்த்துக்கேயக் கப்பல்களின் சரக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனபோது. 1644-இல் மிங் அரசு வீழ்ந்ததும் சீனாவிலிருந்து வரவு குன்றிற்று. அந்த இடைவெளியிலே டெல்ப்ட் நகரக் குயவர் முந்திக்கொண்டனர். அவர்களிடம் பீங்கானுக்குரிய வெண்களிமண் இல்லை; அத்துணைச் சூட்டைத் தாங்கும் சூளையும் இல்லை. சுமார் 1000 பாகையில் வெந்த மண் ஓட்டின்மேல், காரீயம் கலந்த கண்ணாடிப் பூச்சிலே வெள்ளீயச் சாம்பரைச் சேர்த்துத் தடவினர். வெள்ளீயம் அப்பூச்சினுட் கரையாது நின்று, பாலைப்போல் வெளுத்து, உள்ளிருக்கும் மண்ணை மறைத்துவிடும். அதன்மேல் நீல நிறத்தாற் சித்திரம் எழுதினால், எட்ட நின்று பார்ப்பவனுக்குப் பீங்கானென்றே தோன்றும்.

இந்த உபாயம் டெல்ப்ட் நகரத்தார் கண்டுபிடித்ததன்று. 9-ஆம் நூற்றாண்டில் ஈராக்கிலே, பஸ்ராப் பகுதிக் குயவர் அதே சீனக் கலத்தைப் பார்த்து, அதே ஏக்கத்தோடு செய்தது அது. ஆனால் அவர்கள் வெண்மையோடு நிற்கவில்லை. வெள்ளைப் பூச்சு வெந்து ஆறிய பின்னர், வெள்ளியின் உப்பையோ செம்பின் உப்பையோ செங்காவி மண்ணோடும் காடியோடும் அரைத்து, அக்குழம்பால் மெருகின்மேற் கோலம் வரைந்தனர். பின்பு கலத்தை மறுபடியும் சூளையில் வைத்தனர். இம்முறை சூடு 600 பாகை அளவே. மெருகு சற்றே இளகும், உருகி ஓடாது. அந்த நிலையிற் காற்று வழிகளை அடைத்துப் புகையை மூட்டினர்.

வித்தையெல்லாம் அந்தப் புகையிலேதான் இருக்கின்றது. அடைத்த சூளையில் நெருப்புக்குப் பிராணவாயு போதாது. அரைகுறையாய் எரிந்த கரியின் ஆவி, மெருகினுட் புகுந்துள்ள செம்பிலும் வெள்ளியிலும் ஒட்டியிருக்கும் பிராணவாயுவைப் பறித்துக்கொள்கின்றது. பறிகொடுத்த உலோகம் தனி உலோகமாகவே மெருகின் மேற்படையில் தங்கிவிடுகின்றது. மயிரிழையின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய மணிகளாகத் தங்குகின்றது. ஒளி அவற்றிற் பட்டுத் திரும்பும்போது, பொன் இம்மியும் இல்லாத இடத்திற் பொன் மின்னுகின்றது. சூளை ஆறியதும் கருகிய காவி மண்ணைத் துணியாலே துடைக்க வேண்டும். அதுவரை ஒளி வெளியே தெரியாது. புகை மிஞ்சினாற் கலம் முழுவதும் கறுக்கும். குறைந்தாற் பச்சையோ சிவப்போ தங்குமன்றிப் பளபளப்பு வாராது. ஒரு சூளையிற் பாதி தேறினாலே குயவனுக்குப் பாக்கியந்தான். ஈரானின் காஷான் நகரத்துக் குயவர் குடும்பத்திற் பிறந்த அபுல் காசிம் என்பார் 1301-இல் இம்முறையை எழுதிவைத்தார். இம்முறை ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் பரவிற்று.

19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் சுருக்க வழி கண்டனர். உண்மைப் பொன்னையும் பிளாற்றினத்தையும் அமிலத்திற் கரைத்து மெல்லெனப் பூசினர். இதில் ஒரு வேடிக்கை உண்டு: செந்நிற மண்ணிற் பூசிய பொன் செம்பைப் போலவும், பிளாற்றினம் வெள்ளியைப் போலவும் காட்சியளிக்கும்.

இன்று கைவினைக் குயவர் கையாளும் வழி வேறு. ஆனையிறவு உப்பளத்தில் நீர் தாங்கும் அளவுக்கு மேற்பட்ட உப்புப் படிவதை நேயர்கள் அறிவர். மெருகும் அத்தகையதே. மங்கனீசையும் செம்பையும் அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தால், உருகிய கண்ணாடி கரைத்துக்கொள்ள இயலாத மிச்சம் ஆறும்போது மேலே படலமாய்ப் படிந்து வெண்கலம்போல் மங்கி ஒளிரும். புகை மூட்டும் வேலை இதில் இல்லை. ஆனால் மேலே படிந்த உலோகம் உணவிற் கலந்து வரக்கூடியது; சூளையினின்று எழும் மங்கனீசு ஆவியோ நரம்பைத் தாக்கிக் கைகால் நடுக்கத்தை உண்டாக்க வல்லது.

காரீயத்தின் கதை இதனினும் கொடியது. மணலைக் குறைந்த சூட்டில் உருக்குவதற்கு அதைப்போற் கைகொடுக்கும் பொருள் முற்காலத்தில் வேறில்லை. ஆகவேதான் டெல்ப்ட் தட்டிலும் பஸ்ராக் கிண்ணத்திலும் அது இடம் பெற்றது. நன்கு வேகாத காரீய மெருகிலே பழப்புளி சேர்ந்த மீன்குழம்பையோ தேசிக்காய் ஊறுகாயையோ வைத்தாற் புளிப்பு அதைக் கரைத்தெடுக்கும். உடலிற் சேர்ந்த காரீயம் எலும்பிலே பல ஆண்டு தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழிலாளர் இதனாற் பட்ட துன்பம் சிறிதன்று. அங்கு 1898-இல் தொழிற்சாலைகளின் முதல் மருத்துவக் கண்காணிப்பாளராக அமர்ந்த தோமஸ் லெக், காரீய நஞ்சை எதிர்ப்பதிலேயே தம் உழைப்பிற் பெரும்பகுதியைச் செலவிட்டார். இக்காலத்தில் வெண்காரத்தை மணலோடு உருக்கிப் பொடியாக்கிக் காரீயத்துக்குப் பதிலாக இடுகின்றனர். சந்தையிற் கிடைக்கும் பளபளப்பான பழங்கலங்களை எல்லாம் அவ்வாறு எண்ணிவிடலாகாது. சுவரில் மாட்டி அழகு பார்ப்பதே அவற்றுக்குத் தகும்.

உத்தரப் பிரதேசத்து நிஜாமாபாத்தில் மெருகே இல்லாமல் ஒளி ஏற்றுகின்றனர். புகையிற் கறுத்த கலத்திலே கோடு கீறி, நாகத்தைப் பாதரசத்தோடு குழைத்துத் தேய்த்து வெள்ளிச் சித்திரம் ஆக்குகின்றனர். பார்க்க இனியது, பாதரசம் சேர்ந்ததாகையால் அடுக்களைக்கு உகந்ததன்று.

நஞ்சு கலவாத ஒளிக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே சான்று கிடைத்துள்ளது. கந்தரோடையில் 1970-இல் நடந்த அகழ்வில் உருளியாற் புள்ளி பொறித்த மெல்லிய கலவோடுகள் வெளிப்பட்டன. 1945-இல் அரிக்கமேட்டிலும் அவ்வகை ஓடுகள் அகப்பட்டபோது உரோமாபுரிச் சரக்கென்று கருதினர். இந்தியத் துணைக்கண்டத்துக் குயவரின் கைவேலையே அது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அவற்றின் மேனியிற் காணும் மினுமினுப்புக்குக் காரணம் கண்ணாடியும் அன்று, காரீயமும் அன்று. இரும்புச் சத்துள்ள களியை நீரிற் கலக்கித் தெளியவிட்டு, மிக நுண்ணிய வண்டலை மாத்திரம் வடித்தெடுத்துத் தடவிச் சுட்டிருக்கின்றனர். அந்த வண்டல் தானே இறுகி ஒளிர்கின்றது. இரண்டாயிரம் ஆண்டு மண்ணுட் கிடந்த பின்னும், கழுவி வெயிலிற் பிடித்தால் அவ்வோட்டில் உலோகச் சாயல் தெரிகின்றது.