எடைக் குறைப்பு: ஊசி மருந்தா, அறுவை சிகிச்சையா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிதியளித்து 2023ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, புதுச்சேரியில் வயது வந்தோரில் 53.3 விழுக்காட்டினருக்கு உடல் பருமன் உள்ளது. நாட்டிலேயே இதுதான் மிக உயர்ந்த அளவு. சர்க்கரை நோயும் இங்கு 26.3 விழுக்காட்டினருக்கு உள்ளது. எனவே, 'ஊசி போட்டுக்கொள்ளலாமா, அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?' என்ற வினா எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி எழுவதில் வியப்பில்லை.

அவ்வினாவுடன் அச்சமும் சேர்ந்தே வருகிறது. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்ததும், தமிழக நலவாழ்வுத் துறை விசாரணைக் குழு அமைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் அச்சத்தாலோ விளம்பரத்தாலோ முடிவெடுக்காமல், இரு சிகிச்சைகளையும் அறிந்து முடிவெடுக்க வேண்டுகிறோம்.

யாருக்கு இச்சிகிச்சைகள்?

எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இருமுறை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியெண். அது 30 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 27க்கு மேல் இருந்து சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் போன்றவை உடன் இருந்தாலோ ஊசி மருந்தைக் கருதலாம். 35க்கு மேல் இருப்போருக்கு அறுவை சிகிச்சையைப் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் 2022இல் பரிந்துரைத்தன. ஆசியருக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், நமக்கு 27.5 முதலே அதுபற்றிப் பேசலாம் என்றும் அவை கூறின. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 27.5 என்பது ஏறத்தாழ 75 கிலோ. 35 என்பது 95 கிலோ.

ஊசி மருந்துகள்

செமாகுளூடைட், டிர்செபடைட் ஆகிய இரண்டும் வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடப்படுபவை. பசியைத் தணித்து, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கின்றன. ஆய்வுகளில் உடல் எடை செமாகுளூடைட்டால் 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடும், டிர்செபடைட்டின் உயர்ந்த அளவால் 72 வாரங்களில் 21 விழுக்காடும் குறைந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இப்பயன் சற்றுக் குறைவு.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். கருவுற்றோரும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளோரும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். மருந்தை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பது முக்கியமான செய்தி. செமாகுளூடைட்டை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு மீண்டும் கூடியது. எனவே ஆறு மாதச் செலவை மட்டும் கணக்கிடாமல், பல ஆண்டுச் செலவைக் குடும்பமாகக் கணக்கிடுங்கள்.

அறுவை சிகிச்சை

நுண்துளை வழியே இரைப்பையின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அகற்றுவது ஒரு முறை. இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலுடன் இணைப்பது மற்றொரு முறை. பெரும்பாலோருக்கு உடல் எடையில் 25 முதல் 30 விழுக்காடு வரை குறைகிறது. அதில் பெரும்பகுதி பல ஆண்டுகள் நிலைக்கிறது. சர்க்கரை நோய் தணியும் வாய்ப்பும் மிகுதி. தேர்ந்த மையங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேயே உள்ளது. ஆயினும் இரத்தக்கசிவு, தையலில் கசிவு, இரத்தக்கட்டு ஆகியவை நேரக்கூடும்.

அறுவைக்குப் பின் வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம் ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். மது மிக விரைவில் இரத்தத்தில் ஏறுவதால், அதற்கு அடிமையாகும் ஆபத்து கூடுகிறது. குடிப்பழக்கம் இருப்பின் மறைக்காமல் முன்னதாகவே கூறுங்கள்.

எது உங்களுக்கு?

பி.எம்.ஐ. 30ஐ ஒட்டியிருப்போர், அறுவையைத் தாங்க இயலாத இதய, நுரையீரல் நோயுள்ளோர் ஆகியோருக்கு மருந்து பொருந்தலாம். பி.எம்.ஐ. 35க்கு மேல் இருந்து, கட்டுக்கடங்காத சர்க்கரையோ உறக்கத்தில் மூச்சுத்தடையோ உள்ளோருக்கு அறுவையின் பயன் பெரும்பாலும் மிகுதி. சிலருக்கு இரண்டும் அடுத்தடுத்துத் தேவைப்படும். இரண்டிலும் உணவு ஒழுங்கும் உடற்பயிற்சியும் தொடர வேண்டும். புரதம் குறைந்தால் தசையும் கரையும்.

குடும்பத்தினர் கேட்க வேண்டியவை

அறுவைக்கு எம்மருத்துவமனையைத் தேர்ந்தாலும் இவற்றைக் கேளுங்கள்: அறுவை நிபுணர் இதுவரை இத்தகைய அறுவைகள் எத்தனை செய்துள்ளார்? முழுநேரத் தீவிர சிகிச்சைப் பிரிவும் இரத்த வங்கி வசதியும் உண்டா? மயக்க மருந்து நிபுணர் இதயத்தையும் மூச்சையும் முன்னரே பரிசோதித்தாரா? நள்ளிரவில் சிக்கல் நேர்ந்தால் யார் வருவார்? ஐந்தாண்டுத் தொடர் கவனிப்பு எவ்வாறு நடைபெறும்? தெளிவான விடை கிடைக்காத இடத்தில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

எவ்வறுவைக்கும் முன் இவ்வூசி போட்டு வருவதை மயக்க மருந்து நிபுணரிடம் தவறாமல் சொல்லுங்கள். இரைப்பையில் உணவு தங்கியிருந்து மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். இன்சுலினுடன் இவ்வூசி போடுவோர்க்குச் சர்க்கரை தாழலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் கண்டால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். மருத்துவர் சீட்டின்றி மருந்துக் கடையில் இவற்றை வாங்க வேண்டாம்.

முடிவெடுக்கும் நாளில் தனியே வராதீர்கள். உங்களுக்குச் சமைப்பவரையும் மருந்து எடுத்துத் தருபவரையும் உடன் அழைத்து வாருங்கள். இச்சிகிச்சையின் பெரும்பகுதி உங்கள் வீட்டில்தான் நடைபெறுகிறது.