எது செங்குத்து?



ஆங்கிலத்தில் வெர்ட்டிகல் என்கிறோமே, அந்தச் செங்குத்தைக் கொத்தனார் கண்ணால் அளப்பதில்லை, தூக்குக்குண்டால் பார்க்கிறார். நூலில் கோத்த கட்டையைச் சுவரின் மேல்பகுதியில் ஒட்டிப் பிடிப்பார். கீழே தொங்கும் குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சுவர் நேர். இடைவெளி விழுந்தால் சுவர் கொத்தனார் பக்கம் சாய்கிறது. குண்டு சுவரில் சாய்ந்து கிடந்தால் சுவர் எதிர்ப்பக்கம் சாய்கிறது.

புவியீர்ப்பு இழுக்கும் திசைதான் செங்குத்து. பூமி உருண்டை ஆனதால் அந்தத் திசை ஊருக்கு ஊர் மாறும். சுமார் 111 கிலோமீட்டருக்கு ஒரு டிகிரி. கடலோர ஊரான பூவாருக்கு வடமேற்கே, 36 மீட்டர் உயர விழிஞ்ஞம் கலங்கரை விளக்கத்தருகே ஒரு குண்டு. தென்கிழக்கே, கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலைப் பாறையில் இன்னொரு குண்டு. இரண்டையும் தொங்கவிட்டால், இரு நூல்களும் இணையாக இருக்காது. அரை டிகிரிக்குச் சற்று மேல் விலகியிருக்கும். ஆனாலும் இரண்டும் செங்குத்தே!

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடற்காற்றில் ஆடும் குண்டை நம்பாதீர்கள். ஆட்டம் நின்ற பிறகே சுவரைப் பாருங்கள்.